நெகட்டிவ் குரூப்பா? அந்த 72 மணி நேரத்த விட்டுடாதீங்க

என் தங்கச்சி ஓ நெகட்டிவ், மாப்ள பி பாசிட்டிவ். எங்க அத்தை இத கேட்டுட்டு ரெண்டு பேருக்கும் ரத்தம் சேரலையாம்னு ஊர் பூரா சொல்லிட்டாங்க, ஏதோ ஜாதகப் பொருத்தம் பாத்த மாதிரி. ரெண்டு பேருக்குள்ள ஒரு பிரச்சனையும் இல்ல, விஷயம் அம்மா நெகட்டிவா இருந்து குழந்தை பாசிட்டிவா இருந்தாதான். அதோட ரத்தம் கொஞ்சம் முக்கியமா பிரசவ நேரத்துல அம்மா ரத்தத்துல கலந்துடும், அம்மா உடம்பு அதுக்கு எதிரா ஆன்டிபாடி (அந்த ரத்தத்த எதிர்த்து அழிக்கிற பொருள்) தயார் பண்ணி வச்சுக்கும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிச்சுடும், அடுத்ததும் பாசிட்டிவ்னா அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா உள்ள போய் சிவப்பணுவ உடைக்கும், ரத்தசோகை, மஞ்சக்காமாலை, ரொம்ப மோசமானா குழந்தை உடம்புல நீர் கோத்து வயித்துலயே போயிடலாம்.

இத தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி. முதல்ல அம்மா ரத்தத்துல ஆன்டிபாடி இருக்கான்னு பாக்குற ஐசிடி டெஸ்ட் எடுப்பாங்க, அது நெகட்டிவ்னு வந்தா நல்ல சேதி, ஆன்டிபாடி இன்னும் வரலன்னு அர்த்தம் (ரிப்போர்ட்ட பாத்துட்டு எங்கம்மா ஐயோ இதுவும் நெகட்டிவான்னு அழுதுட்டாங்க). 28வது வாரம் 300 மைக்ரோகிராம் ஒரு ஊசி, பிரசவம் ஆனதும் தொப்புள்கொடி ரத்தத்துல குரூப் பாத்து பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள இன்னொன்னு. குழந்தையும் நெகட்டிவ்னா ரெண்டாவது வேண்டாம். ஆன்டிபாடி ஏற்கனவே வந்துட்டா இந்த ஊசியால பிரயோஜனமே இல்ல, அதான் முன்னாடியே போடச் சொல்றது.

விலை கொஞ்சம் கடிக்கும்தான். இது ஆளுங்க குடுக்குற பிளாஸ்மால இருந்து எடுக்குறது, ஆஸ்திரேலியாவுல ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒருத்தர் மொத்தம் 1173 தடவ குடுத்திருக்காரு, 2025ல 88 வயசுல இறந்தாரு. கும்பிடணும் அவர.

நம்மாளுங்க கோட்ட விடுறது கரு கலையும்போதுதான். கலைஞ்சதெல்லாம் ஒரு பிரசவமான்னு வெளியவே சொல்ல மாட்டாங்க, குரூப்பு எங்க சொல்லப் போறாங்க. கலைஞ்சாலும், குழாய்ல கரு தங்கினாலும், நடுவுல ரத்தம் பட்டாலும், வயித்துல அடிபட்டாலும் நான் நெகட்டிவ்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. 12 வாரத்துக்கு முன்னாடின்னா ஊசி தேவையான்னு டாக்டர்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு, அத அவங்க முடிவு பண்ணட்டும். 72 மணி நேரம் தாண்டிட்டாலும் போய் கேளுங்க, 10 நாளுக்குள்ள போட்டா கூட கொஞ்சம் பலன் இருக்கலாம்.

அப்புறம் குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சே இனி எதுக்கு ஊசின்னு கேக்குறவங்களுக்கு, ஆபரேஷனுக்கு அப்புறமும் கரு தங்குறது உண்டு, பின்னாடி மனசு மாறி குழாய சேக்குறவங்களும் உண்டு, அதனால நான் போட்டுக்கோங்கன்னுதான் சொல்வேன்.