பின்சுவருக்கு அந்தப் பக்கம் 14 ஏக்கர்

2024 மார்ச்சில் சிட்டி நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் எங்கள் வீடு. பின்சுவருக்கு அந்தப் பக்கம், இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கும் மூலையில் 14 ஏக்கர் காலி நிலம். கடைகளுக்கென்று ஒதுக்கிய வணிக மண்டலம். அதைத் தனி வீடுகளுக்கான மண்டலமாக மாற்றி 60 வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்றது கடிதம். கூடவே ஒரு படிவம்: ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு கட்டம்.

ஆதரவு என்று டிக் போடத்தான் பேனாவை எடுத்தேன். கடை வந்தால் ராத்திரியெல்லாம் விளக்கு, விடிகாலையில் குப்பை லாரி, சரக்கு இறக்கும் சத்தம். வீடு வந்தால் நம்மைப் போல நாலு குடும்பம் வரும். அப்போது அம்மா எங்களோடு இருந்தார், ஆறு மாதம் தங்க வந்திருந்தார். என்ன கடிதம் என்று கேட்டார், சொன்னேன். "அங்க ஒரு கடை வந்தா நான் நடந்தே போயிட்டு வந்துருவேன்ல" என்றார்.

மதுரையில் ஒரு கொத்து கறிவேப்பிலைக்காகத் தெருமுனை வரை போய், வழியில் நாலு பேரிடம் பேசிவிட்டு வருகிறவர். இங்கே பேரன் பள்ளிக்குக் கிளம்பிவிட்டால் மாலை வரை ஜன்னலும் டிவியும்தான். பக்கத்துக் கடையே நாலு மைல். பஸ் கிடையாது. எங்கள் தெருவில் இப்படி வந்து தங்கும் அப்பா அம்மாக்கள் எத்தனை பேர் என்று அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். படிவத்தை நிரப்பாமல் வைத்துவிட்டேன்.

நடைமுறையை முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டெக்சாஸ் சட்டப்படி, மாறப்போகும் நிலத்திலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு, கூட்டத்துக்கு 10 நாளுக்கு முன்பே சிட்டி கடிதம் அனுப்ப வேண்டும். முதலில் பிளானிங் அண்ட் ஸோனிங் கமிஷன் விசாரித்துப் பரிந்துரைக்கும். முடிவு சிட்டி கவுன்சிலுடையது. அந்த 200 அடிக்குள் உள்ள நிலப்பரப்பில் 20% வைத்திருப்பவர்கள் எழுத்தில் எதிர்த்தால், கவுன்சிலில் முக்கால்வாசி வாக்கு இருந்தால்தான் மாற்றம் நிறைவேறும். ஏழு பேர் கொண்ட கவுன்சில் என்றால் ஆறு வாக்கு. இங்கே தலைக்கணக்கு கிடையாது, நிலக்கணக்குதான். பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் வீடு வீடாக ஏறி 40 கையெழுத்து வாங்கினார். 200 அடிக்குள் வந்தவை ஆறுதான். மற்ற 34 பேரின் கருத்தும் கோப்பில் சேரும், ஆனால் அந்த 20% கணக்கில் சேராது. (2025 செப்டம்பரிலிருந்து, கூடுதல் வீடுகளுக்கு இடம்தரும் மாற்றமென்றால் இந்த 20 பெரும்பாலும் 60 ஆகிவிட்டது. இப்போது கடிதம் வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம், ஓட்டு இல்லை, நமக்கென்ன என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எதிர்ப்புரிமை சொத்தை ஒட்டியது, குடியுரிமையை ஒட்டியதல்ல. கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். பெயர் எழுதிக் கொடுத்தால் மூன்று நிமிடம் கிடைக்கும்.

கூட்டத்துக்கு முன்பே சிட்டி ஊழியர்களின் அறிக்கை இணையத்தில் வந்துவிட்டது. அதைப் படித்தபோதுதான் வாதத்தின் இரண்டு பக்கமும் பிடிபட்டது. ஊழியர்கள் மாற்றத்தை ஆதரிக்கவில்லை. கடை இருந்தால் விற்பனை வரி வரும்: டெக்சாஸில் மாநிலத்துக்கு 6.25%, உள்ளூருக்கு 2% வரை. சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குச் சொத்து வரியில் கிடைக்கும் விலக்கு கடைக்குக் கிடையாது, பள்ளிக்கு அனுப்பப் பிள்ளைகளும் கிடையாது. வணிக நிலத்தை ஒருமுறை வீடாக்கிவிட்டால் திரும்பி வராது. விண்ணப்பதாரர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நாங்கள் 2016-ல் குடிவந்ததிலிருந்து அந்த நிலம் புல் முளைத்துத்தான் கிடக்கிறது. தனி வீடு ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் ஒன்பது வண்டிப் பயணம் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. 14 ஏக்கர் முழுக்கக் கடை வந்தால் போக்குவரத்து அதைவிடப் பல மடங்கு. வீடு கிடைக்காமல் அலையும் இளம் குடும்பங்களையும் எனக்குத் தெரியும். அவர்களை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கமிஷன் கூட்டத்தில் அநேகமாக எல்லோரும் 'வீடு வேண்டும், கடை வேண்டாம்' என்றார்கள். என் முறை வந்தபோது கை நடுங்கியது. வீடு வரட்டும், ஆனால் மூலையில் கொஞ்சம் கடைக்கு விடுங்கள், வண்டி ஓட்டாதவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்றேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டேன். உறுப்பினர் ஒருவர், தன் அம்மாவும் இப்போது கார் ஓட்டுவதில்லை என்றார். அக்கம்பக்கத்தாரோடு பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லி விண்ணப்பத்தை ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள்.

அந்த மாதம்தான் உண்மையான வேலை நடந்தது. விண்ணப்பதாரரின் ஆள் எங்கள் குடியிருப்பின் கிளப்ஹவுஸுக்கு வரைபடத்தோடு வந்தார். மூலையில் இரண்டு ஏக்கரைக் கடைக்கு விட ஒப்புக்கொண்டார். அப்புறம்தான் சுவர் பேச்சு வந்தது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே கல்சுவர் கட்டியாக வேண்டும் என்பது எங்கள் ஊர் விதி. சுவர் வந்துவிட்டால், கண்ணெதிரே இருக்கும் கடைக்குப் பெரிய சாலையைச் சுற்றி முக்கால் மைல் நடக்க வேண்டும். டெக்சாஸ் ஜூலை வெயிலில் அறுபத்தெட்டு வயதுக்காரர் எப்படி நடப்பார்? சுவரில் ஒரு நடைவழி விடுங்கள் என்று கேட்டோம். திருட்டு பயம் என்று எங்கள் ஆட்களே எதிர்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களை அடுத்த சந்திப்புக்கு அழைத்து வரச் சொன்னேன். மூன்று பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு எதிர்ப்பு தணிந்தது.

எழுத்து எதிர்ப்பு 20%-ஐ எட்டாததால் ஆறு வாக்கு தேவைப்படவில்லை; ஜூனில் கவுன்சில் 5–2 என்று நிறைவேற்றியது. பன்னிரண்டு ஏக்கரில் 50 வீடு, மூலையில் இரண்டு ஏக்கர் வணிகம். அம்மா அதற்குள் மதுரைக்குத் திரும்பியிருந்தார். இறுதி வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, சுவரில் ஆறடி இடைவெளி விட்டிருக்கும் இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டுக் காட்டினேன். "அங்க கறிவேப்பிலை விப்பாங்களா?" என்று கேட்டார்.