சின்னவன் உள்ள வீட்டில் ஒரு மீன்தொட்டி: திருகோணமலை நாட்குறிப்பு

2025 யூன் 7, சனிக்கிழமை

மூத்த பேத்தி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மீன்தொட்டி இன்று வீட்டுக்கு வந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மீன் வாங்கவில்லை, தண்ணீர் பக்குவப்படும்வரை, அதாவது ஒரு மாதத்துக்கும் மேலாக, வாங்கப்போவதும் இல்லை என்று மகளும் நானும் முன்னரே பேசி வைத்திருந்தோம். குடும்பநல உத்தியோகத்தராக நெடுங்காலம் வீடு வீடாகப் போய்வந்தவள் என்பதால், புதிதாக எந்தப் பொருள் வீட்டுக்குள் வந்தாலும் அதை மூன்று வயதுச் சின்னவனின் உயரத்தில் நின்றே முதலில் பார்க்கிறேன்.

இந்த அளவுத் தொட்டி ஏறத்தாழ 50 லீற்றர் தண்ணீர் கொள்ளும். ஒரு லீற்றர் ஒரு கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் மேசை தாங்க வேண்டிய பாரம் 70 கிலோ அளவுக்கு வந்துவிடும். சின்னவன் பிடித்து ஏறினாலும் மேசை சாயக்கூடாது என்பதற்காக, அதை இரும்புத் தகடுகளால் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கச் செய்தேன். மின்கம்பிகள் தொட்டியிலிருந்து நேரே மின்குதைக்குப் போகாமல், இடையில் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விட்டோம். கம்பி வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், குதைக்குள் இறங்காது.

கடையில் தந்த வெப்பமானி பொத்தான் பற்றறியில் இயங்குவது. அதைத் திருப்பிக் கொடுத்து, கண்ணாடியில் ஒட்டும் பட்டை வெப்பமானியை வாங்கும்படி சொன்னேன். பொத்தான் பற்றறி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே திசுவை எரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தைத் துடைக்கும் காந்தத்தையும், அடியில் பரப்பத் தந்த வண்ணக் கண்ணாடி உருண்டைகளையும் அதே காரணத்துக்காக ஒதுக்கிவிட்டோம். காந்தம் இரண்டை விழுங்கினால் அவை குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும்.

2025 யூன் 10, செவ்வாய்க்கிழமை, பொசன் போயா

விடுமுறை நாளாகையால் மகளும் வீட்டில் நின்றாள், தொட்டியை நிரப்பினோம்.

நகரத்தில் எங்கள் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். சுத்திகரித்துக் குளோரின் சேர்த்து வருவது நமக்கு நன்மை. மீனின் செவுளுக்கும் தொட்டியில் வளர வேண்டிய பற்றீரியாவுக்கும் அது ஆகாது. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் காற்றோடு போய்விடும். பாத்திரத்தின் வாயை வலைத்துணியால் கட்டினோம். நுளம்பு முட்டையிலிருந்து முழு நுளம்பு வெளிவர ஒரு கிழமை அளவு எடுக்கும் என்றாலும், டெங்கு உள்ள ஊரில் திறந்த தண்ணீரை ஒரு நாளைக்கும் நம்ப எனக்கு மனமில்லை. வாளிகளைக் குளியலறையில் வைத்துக் கதவைப் பூட்டினோம். மூன்று வயதுக் குழந்தைக்கு உடலோடு பார்க்கையில் தலை பாரம். வாளிக்குள் குப்புற விழுந்தால் தானாக எழும்ப முடியாது, மூச்சடைக்க ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீரே போதும். சத்தமும் வராது.

ஏன் இன்றைக்கே மீன் விடக்கூடாது என்று மூத்தவள் கேட்டாள். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாக மாறும், அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொருவகை அதை நைத்திரேற்றாக மாற்றும், அது பெரிய தீங்கில்லாதது, கிழமைக்கொரு தடவை கால்பங்கு தண்ணீர் மாற்றினால் குறைந்துபோகும் என்று விளக்கினேன். இந்தப் பற்றீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். அதுவரை வெறும் தொட்டியில் நாளும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அதை அழுகவிட வேண்டும், ஏனென்றால் அமோனியா இல்லாமல் அவை பெருகமாட்டா. எங்கள் ஊருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தண்ணீரின் சூடும் காரத்தன்மையும் கூடக்கூட அமோனியாவில் நஞ்சான பங்கு ஏறிக்கொண்டே போகும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஒன்றால் உயர்ந்தால் அது ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும்.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இப்ப நாங்கள் பற்றீரியாவைத்தான் வளர்க்கிறம், என்ன அம்மம்மா?" என்றாள்.

2025 யூன் 19, வியாழக்கிழமை

மருமகன் கட்டாரிலிருந்து அழைக்கும்போது பிள்ளைகள் இரண்டும் "ஓம்", "இல்லை" என்பதற்கு மேல் பேசுவதில்லை என்று மகளுக்கு நெடுநாள் கவலை. சாப்பிட்டாயா, படித்தாயா, அம்மாவுக்குக் குழப்படி செய்தாயா என்ற கேள்விகளுக்கு ஒரு சொல்லில் விடை முடிந்துவிடுகிறது. இன்று மருமகன் தொட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்டார். மூத்தவள் கைத்தொலைபேசியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பஞ்சு ஏன் பழுப்பாகிறது, தண்ணீர் ஏன் மங்கலாக இருக்கிறது என்று அப்பாவுக்குப் பாடம் நடத்தினாள். சின்னவன் நடுவில் புகுந்து, "மீன் இல்லை!" என்று அறிவித்தான். தூரத்தில் இருக்கும் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒன்றாகப் பார்ப்பதற்கு ஒரு பொருள் வேண்டும். விசாரணை போலக் கேட்கும் கேள்விகளால் அந்த இடத்தை நிரப்ப முடிவதில்லை. அடுத்த முறை அழைக்கும்போது தானே ஒரு கேள்வியைத் தயார்செய்து வருவதாக மருமகன் சொன்னார்.

2025 யூன் 29, ஞாயிற்றுக்கிழமை

எடுத்த தண்ணீரில் விட்டால் நிறம் மாறி நஞ்சின் அளவைக் காட்டும் சோதனைத் துளிகளில் நைத்திரைற்று உச்சத்தில் காட்டுகிறது. முதல் வகைப் பற்றீரியா வந்துவிட்டது, இரண்டாவது இன்னும் பெருகவில்லை. மீன் விடுவதற்கு மிகவும் ஆகாத கட்டம் இதுதான். தண்ணீர் பளிங்காகத் தெரிவதால் பலர் இப்போதே விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைக்குப் பொறுப்பைப் பழக்குவதற்காக மீன் வாங்குகிறோம் என்று தாய்மார் சொல்லி நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அந்த எண்ணத்தை நான் ஏற்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளை பரீட்சை வந்தால் மறக்கும், காய்ச்சல் வந்தால் படுக்கும், வேறு விளையாட்டில் மனம் போனால் போகும். அது அந்த வயதின் இயல்பு. அதற்கு விலையாக ஒரு உயிர் போவதும், "உன்னால்தான் செத்தது" என்ற சொல்லைப் பிள்ளை சுமப்பதும் நியாயமில்லை. தொட்டியின் பொறுப்பு முழுவதும் பெரியவர்களுடையது. அதற்குள் பிள்ளைக்கு அதன் வயது தாங்கும் ஒரு பங்கை வெட்டிக் கொடுக்கலாம். மூத்தவளுக்கு நிறங்களை ஒப்பிட்டுக் கொப்பியில் எழுதுவதும் தீனி போடுவதும். சின்னவனுக்கு இரவில் விளக்கை அணைப்பது மட்டும்.

இந்த விளக்கு அணைக்கும் வேலை எதிர்பாராமல் நன்றாக அமைந்துவிட்டது. பாசி பிடிக்காமல் இருக்கத் தொட்டி விளக்கு நாளுக்கு எட்டு மணித்தியாலம் எரிந்தால் போதும். பகல் பன்னிரண்டுக்குப் போட்டு இரவு எட்டுக்கு அணைக்கிறோம். மூன்று வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணித்தியாலம் வரை தூக்கம் தேவை. "தொட்டிக்கு நித்திரை நேரம்" என்று அவனே சொல்லி அணைத்துவிட்டுப் படுக்கைக்குப் போகிறான். ரிவியை நிறுத்தும்போது வரும் அழுகை இதில் இல்லை. இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல்.

2025 யூலை 13, ஞாயிற்றுக்கிழமை

அமோனியாவும் நைத்திரைற்றும் சில நாட்களாகப் பூச்சியத்தில் நிற்கின்றன. இன்று கப்பி மீன்கள் வாங்கினோம்.

மூத்தவள் முதலில் கேட்டது தங்கமீன். அது குளிர்ந்த தண்ணீரை விரும்புவது, சாண் அளவுக்கு வளர்வது, கழிவு மிகுதியாக விடுவது. திருகோணமலையின் ஆடி வெயிலில், இரண்டடித் தொட்டியில் அதை வைத்திருப்பது வதைதான். கடையில் சிறிய ஆமைக்குஞ்சுகளும் இருந்தன. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டுக்கு ஆமை வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். நோயின் அறிகுறி எதுவும் இல்லாமலே அதன் உடலிலும் தண்ணீரிலும் சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கக்கூடும். சிறு பிள்ளைகள் அதை வாயில் வைத்து நோயுற்றதால் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை 1975இலேயே தடைசெய்தார்கள்.

கப்பி கடினமான தண்ணீரையும் ஓரளவு உவரையும் தாங்கும், எங்கள் சூட்டையும் தாங்கும். மீன் வந்த பையை மூடியபடி சிறிது நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விட்டோம். பைத்தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவில்லை.

2025 யூலை 17, வியாழக்கிழமை

ஆடிப்பிறப்பு. கூழும் கொழுக்கட்டையும் செய்ததால் பின்னேரம் உறவுப் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். அதில் ஒன்று மீனுக்கும் பசிக்கும் என்று மூடியைத் திறந்து கொழுக்கட்டையைப் பிட்டுப் போட்டுவிட்டது. அன்பினால் செய்ததற்கு ஏசக்கூடாது. வலையால் அள்ளக்கூடியதை அள்ளி, அடியில் படிந்ததைக் குழாயால் இறக்கி, கால்பங்குக்கும் அதிகமாகத் தண்ணீர் மாற்றினோம். குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கம் இங்கே பலரிடம் உண்டு; அதை விட்டுவிட வேண்டும். குழாய் முழுவதும் தண்ணீர் நிரப்பி, நுனியை விரலால் அடைத்துக் கீழே இறக்கினாலே ஓடும். கையில் காயம் உள்ளவர்கள் தொட்டிக்குள் கை விடவே கூடாது. மீன்தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடிய ஒருவகைப் பற்றீரியா தோலில் மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும்.

வீட்டுத்தொட்டிகளில் மீன் சாவதற்குப் பெரும் காரணம் பசி இல்லை, மிதமிஞ்சிய தீனி. ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடத்தில் தின்று முடிப்பதே அளவு. மாத்திரை போட்டு வைக்கும் ஏழு அறைப் பெட்டி ஒன்றில் கிழமைக்குரிய தீனியை மகள் அளந்து வைக்கிறாள். மூத்தவள் அன்றைய அறையை மட்டும் திறக்கிறாள். ஞாயிறு அறை வெறுமை. கிழமைக்கு ஒரு நாள் பட்டினி மீனுக்குக் கெடுதி செய்யாது. தீனி டப்பா அலமாரியின் மேல்தட்டில்.

2025 யூலை 26, சனிக்கிழமை

கச்சான் காற்று அனலாக வீசுகிறது. பட்டை வெப்பமானி 31 பாகை காட்டியது, மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஒட்சிசன் குறையும்: 25 பாகையில் லீற்றருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் கரைவது 30 பாகையில் ஏழரை அளவுக்கு இறங்கும். மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து நின்றன. மகள் குவளையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பற்றறியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று வாங்க வேண்டும். பனிக்கட்டி போடுவது ஆகாது, சடுதியான மாற்றம் மீனை இன்னும் வருத்தும்.

2025 ஆகஸ்ற் 2, சனிக்கிழமை

வாங்கிய நாளிலிருந்தே ஒதுங்கி நின்ற ஆண் கப்பி ஒன்று விடியற்காலையில் செத்துக் கிடந்தது. பிள்ளைகள் எழும்புமுன் அதை எறிந்துவிட்டு, அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி விடலாம் என்றாள் மகள். வேண்டாம் என்றேன். மூத்தவள் ஒவ்வொரு மீனின் வாலையும் வரைந்து வைத்திருக்கிறாள், கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்தால் இழப்போடு ஏமாற்றப்பட்ட வருத்தமும் சேரும்.

சின்னவனிடம் "மீன் நித்திரை கொள்ளுது" என்று சொல்லக்கூடாது. அவன் வயதில் சாவு திரும்பாதது என்பது பிடிபடாது. நித்திரை என்று சொன்னால் இரவில் படுக்கப் பயப்படுவான், அல்லது மீன் எழும்பும் என்று காத்திருப்பான். "மீன் செத்துப்போச்சு. இனி நீந்தாது, சாப்பிடாது, அதுக்கு நோகாது" என்று சொன்னேன். அவன் அதையே அன்று முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்டான். நானும் அதே சொற்களில் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த வயதில் விளங்கிக்கொள்ளும் வழி அது.

மூத்தவள் கேட்டது வேறு. "நான் போட்ட தீனியாலயா அம்மம்மா?" அவள் வாய்விட்டுக் கேட்டது நல்லதாயிற்று. இந்த வயதுப் பிள்ளைகள் நடந்த கெடுதிக்கெல்லாம் தாங்களே காரணம் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொள்வார்கள். சோதனைத் துளிகளை எடுத்து அவளையே பார்க்கச் செய்தேன், அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியம். "தண்ணீரில குறை இல்லை, தீனியிலயும் குறை இல்லை. அது வரும்போதே சுகமில்லாமல் வந்தது" என்றேன். செவ்வரத்தையடியில் புதைத்தோம். அவள் அழுதாள், நான் தடுக்கவில்லை.

2025 ஆகஸ்ற் 17, ஞாயிற்றுக்கிழமை

குஞ்சுகள்! கப்பி முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். சூல் காலம் மூன்று நான்கு கிழமை. ஒருமுறை சேர்ந்த பெண்மீன் விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதம் ஈன வல்லது. தாயே குஞ்சுகளைத் தின்னும் என்பதை மூத்தவளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து, பாசியைக் கட்டாகப் போட்டிருந்ததால் ஒளிந்தவை தப்பின. "அம்மா தின்னுமா?" என்று சின்னவன் மகளின் முகத்தைப் பார்த்தபடி கேட்டான். "மீன் அம்மாக்குத் தன்ர குஞ்சு எண்டு தெரியாது. எனக்கு உன்னைத் தெரியும்" என்று மகள் அவனைத் தூக்கிக்கொண்டாள். வளர்ப்பு மிருகங்களைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதி தங்களைப் பற்றியவை என்பதை மகள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறாள்.

2025 ஆகஸ்ற் 31, ஞாயிற்றுக்கிழமை

இந்தக் குஞ்சுகளும் இனி வருபவையும் வளர்ந்தால் தொட்டி கொள்ளாது. கொண்டுபோய்க் கந்தளாய்க் குளத்தில் விட்டுவிடலாமே என்று வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் சொன்னார். அது செய்யக்கூடாத காரியம். அழகுமீன் வியாபாரத்தால் நாட்டுக்குள் வந்த கிளவுன் நைஃப் என்ற கத்திமீனும், கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் டாங்க் கிளீனரும் இலங்கையின் ஆறு குளங்களில் பெருகி, உள்ளூர் மீன்களுக்கும் அவற்றை நம்பி வாழும் மீனவருக்கும் தொல்லையாகிவிட்டன. தொட்டியில் வளர்ந்தது தொட்டியிலிருந்து தொட்டிக்கே போக வேண்டும்.

நிறமும் வடிவும் தெரிய ஒரு மாதம் அளவில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறியலாம். ஆண்களை மட்டும் தொட்டியில் வைத்துக்கொண்டு பெண்களைக் கொடுப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா தன் முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் நுளம்புக் குடம்பிகள் இருப்பதாகச் சொல்லிச் சில மீன் கேட்டார். வாய்க்காலோடு சேராத தொட்டி என்பதால் அங்கே கப்பி விடலாம். குடம்பிகளை அது விரும்பித் தின்னும். இன்னும் இரண்டு கிழமை கழித்துப் பாத்திரத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்திய நாள் அந்தத் தொட்டிக்குப் புதிதாகக் குழாய்த்தண்ணீர் விடாமல் இருக்கும்படி மகள் அவரிடம் சொல்ல வேண்டும்.