"போயிடும் சார்"

வெள்ளி நாணயம் ஒன்றைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்த ஒருவர், "தம்பி, இந்தக் கறுப்பு போயிடுமா?" என்று கேட்டார். "போயிடும் சார்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். நான் சொன்னது பொய்யில்லை, கறுப்பு போகத்தான் செய்தது. ஆனாலும் அந்தப் பதிலை மனசுக்குள் இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

வெள்ளி நாணயத்தில் படரும் கறுப்பு, அழுக்கு இல்லை. அழுக்கு என்றால் வெளியிலிருந்து வந்து ஒட்டியிருக்கும். இது நாணயத்தின் சொந்த வெள்ளி. காற்றில் துளியூண்டு இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மேல்பரப்போடு சேர்ந்து, அங்கிருக்கும் வெள்ளி சல்ஃபைடாக மாறிவிடுகிறது. அந்தப் படலத்தை எடுத்தால் அதற்குள் போன வெள்ளியும் சேர்ந்தே போகும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை நான் செலவழிக்கவில்லை.

அவர் கேட்டது "போகுமா" என்று மட்டும்தானே, கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று சில நாள் தோன்றும். அப்படித் தோன்றும்போதெல்லாம் அந்த நாணயத்தின் விளிம்பு கண்முன் வந்து நிற்கும். ஓரத்தில் கறுப்பு, அதை அடுத்து உள்ளே நீலம், பிறகு செம்பழுப்பு, அதற்கும் உள்ளே இளமஞ்சள், நடுவில் வெள்ளை. சல்ஃபர் உள்ள அட்டை ஆல்பத்தில் பல வருஷம் கிடந்த நாணயம் இப்படித்தான் ஓரத்திலிருந்து உள்நோக்கி நிறம் மாறும். சோப்புக் குமிழியில் நிறம் தெரிவதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கும். படலத்தின் மேற்புறமும் அடிப்புறமும் திருப்பி அனுப்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறமாகிறது. படலம் மெல்லிதாக இருந்தால் மஞ்சள், தடிக்கத் தடிக்கச் செம்பழுப்பு, பிறகு நீலம், கடைசியில் கறுப்பு. செயற்கையாக நிறமேற்றிய நாணயத்தில் பெரும்பாலும் இந்த வரிசை குதிக்கும். பெயின்ட் பூசியதுபோல நிறம் மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். இவருடையதில் வரிசை தப்பவில்லை. எழுத்துகளைச் சுற்றி மெல்லிய வெளிறல்கூட இருந்தது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் லென்ஸில் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் "போயிடும்" என்றேன்.

முதலில் எண்ணெய்ப்பசை போக, கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி இதற்கு ஆகாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பிளாஸ்டிக் கிண்ணமும் கூடாது. சில வகை பிளாஸ்டிக் அதில் கரைந்து நாணயத்திலேயே படியும். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, அதனால் இந்தப் படியில் ஆபத்தில்லை. அடுத்தது டிப், அதாவது தயோயூரியாவும் அமிலமும் சேர்ந்த கரைசல். காய்ச்சி வடித்த தண்ணீரில் நீர்க்கச் செய்து, இரண்டு மூன்று நொடி முக்கி எடுத்து, உடனே ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, கடைசியாக மறுபடி காய்ச்சி வடித்த தண்ணீர். துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். துணியால் ஒரு தடவை தேய்த்தாலும் மெல்லிய கீறல் விழும்.

முதல் முக்கில் மஞ்சளும் செம்பழுப்பும் நீலமும் போய்விட்டன. கறுப்பு அசையவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் இரண்டாவது முறை முக்கினேன், பிறகு மூன்றாவது முறையும். கறுப்பு இருந்தது ஓரத்தில் மட்டும். ஆனால் ஒவ்வொரு முக்கிலும் அமிலம் மொத்த நாணயத்தின் மேலும் பட்டது, ஏற்கெனவே வெறுமையாகிவிட்ட நடுப்பகுதியின் மேலும்தான். அச்சு விழும் அழுத்தத்தில் உலோகம் வெளிப்பக்கமாக ஓடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளாகப் பரப்பில் தங்கிவிடும். நாணயத்தைச் சாய்த்தால் ஒளி சக்கரம்போலச் சுற்றுவது அந்த வரிகளால்தான். வரிகள் மழுங்கினால் அந்தச் சுற்றலும் நின்றுவிடும். மூன்றாவது அலசலுக்குப் பிறகு ஒரே விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தேன். வெளுப்பு இருந்தது. ஒளி சுற்றவில்லை.

ஓரத்தில் லஸ்டர், அதாவது அந்தச் சுற்றும் ஒளி, போனது என் கையால் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். அந்த அளவுக்குக் கறுத்த இடத்தில் நுண்வரிகளைப் படலமே தின்று தீர்த்திருக்கும். நடுப்பகுதி போனது என்னால். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் வைத்துச் செய்திருந்தால் வெள்ளி மிஞ்சியிருக்குமே என்று யாராவது கேட்கலாம். பாதி உண்மை. சல்ஃபர் அலுமினியத்துக்குப் போய், வெள்ளி வெள்ளியாகவே திரும்பும். திரும்பி வருவது பழைய பரப்பு இல்லை, நுண்துளைகள் நிறைந்த மங்கல் வெள்ளி.

செம்பு நாணயமாக இருந்திருந்தால் தயங்காமல் மறுத்திருப்பேன். டிப்பில் முக்கியெடுத்த செம்பு ஒரு பொய்யான இளஞ்சிவப்பாகிவிடும், அதன் பழைய பழுப்பு லேசில் திரும்பாது. செம்பில் களிம்பு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் எல்லாப் பச்சையும் ஒன்றில்லை. கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாக இருந்தால் அது பாதுகாப்பு, தொடாமல் விட்டுவிடலாம். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, ஈரத்தில் மறுபடி பூத்தால் உள்ளே குளோரைடு இருக்கிறது. ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைக்காவிட்டால் உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். செம்பில் எனக்கு வரும் இந்தத் தெளிவு வெள்ளியில் ஏன் வரவில்லை? டிப் வெள்ளியில் வேலை செய்கிறது, அதனால்தான் என்று நினைக்கிறேன். மெல்லிய, சீரான மங்கலில் ஒரே ஒரு முக்கு நல்ல பலன் தரும்; அதை இப்போதும் செய்கிறேன்.

அவருக்கு அன்று சந்தோஷம். "புதுசு மாதிரி ஆயிடுச்சே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே நாணயத்தோடு வந்தார். எழுத்துகளின் அடியில் மஞ்சள் பழுப்புத் திட்டுகள். அலசலுக்குத் தப்பி இடுக்கில் தங்கிய தயோயூரியா செய்கிற வேலை அது. மூன்று முறை முக்கியெடுத்த நான் மூன்றாவது தடவை போதுமான நேரம் அலசவில்லை.

"இதையும் எடுத்துடலாமா தம்பி?"

"வேண்டாம் சார்" என்றேன். ஏன் என்று கேட்டார். உட்காரச் சொல்லி, லூப்பை அவர் கையில் கொடுத்து, நாணயத்தை விளக்கின் கீழ் சாய்த்துக் காட்டினேன். சக்கரம்போல ஒளி சுற்றும் வேறொரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார்.

"முன்னாடி என்னுதும் இப்படிச் சுத்துச்சா?" என்று கேட்டார்.