ஒரு சொட்டு எலுமிச்சை செஞ்ச வேலை

ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற வெளிநாட்டு ஆரஞ்சு இருக்கே, அதோட தோலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பாகுல வேக வச்சு, சாக்லேட்ல முக்கி மிட்டாய் பண்ணலாம். நல்ல தடிப்பு. நம்ம கமலா தோல் இதுக்கு ரொம்ப மெலிசு.

நீளவாக்குல நறுக்கி, மூணு தடவை தண்ணி மாத்தி மாத்திக் கொதிக்க விட்டேன். முதல் தண்ணியை நாக்குல வச்சுப் பார்த்தேன், வேப்பங்கொழுந்து தோத்துது. மூணாவதுல கசப்பு அடங்கிடுச்சு. அப்புறம் சர்க்கரைப் பாகுல முக்கால் மணி நேரம் சிறுதீ. தோல் கண்ணாடி மாதிரி ஆனதும் எடுத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டேன்.

காலையில தோலை முக்க 70 சதவீதம் கோகோ இருக்கிற டார்க் சாக்லேட்டை உருக்கினேன். அங்கேதான் புத்தி கெட்டுச்சு. வாசமா இருக்கட்டுமேன்னு எலுமிச்சையை லேசாப் பிழிஞ்சேன். பளபளன்னு இருந்தது அப்படியே திரண்டு களி மாதிரி ஆயிடுச்சு! ஈரம் பட்டா உருகின சாக்லேட் கட்டிபடும், தெரிஞ்சே செஞ்சேன். வாசத்துக்கு எலுமிச்சைத் தோலைத்தான் சீவிப் போட்டிருக்கணும்.

"குழம்புல போடு"ன்னு அம்மா கிண்டல் பண்ணாங்க. போட்டேன். மெக்ஸிகோல மோலேன்னு மிளகாய், எள்ளு, வேர்க்கடலையோட சாக்லேட் சேர்த்துக் கோழிக்கு ஊத்துவாங்க. நானும் குழம்புல வரமிளகாயை வறுத்து அரைச்சு, கட்டிபட்ட சாக்லேட்டுல ரெண்டு ஸ்பூன், மேல கொஞ்சம் ஆரஞ்சு சாறு. இனிப்பே தெரியல, கருகருன்னு ஒரு ஆழம் வந்துச்சு.

அம்மா ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டாங்க. பாராட்டு மட்டும் வரல. ஆரஞ்சுத் தோலுக்கு இனிமேதான் புது சாக்லேட் வாங்கணும்.