ஆடி மாதப் படவிழா: தருமபுரி மண்டபத்தில் கற்ற கணக்கு

தருமபுரியில் சுயாதீனப் படங்கள், குறும்படங்களுக்கு இரண்டு நாள் விழா நடத்துவதென்றால் முதலில் புரட்ட வேண்டியது காலண்டரில் முகூர்த்த நாள்களை. கல்யாண சீசனில் மண்டபம் கிடைக்காது; கிடைத்தாலும் வாடகை கட்டாது. ஆடியில் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், பேசிக் குறைக்கலாம். ஆடிப்பெருக்கை ஒட்டிய சனி, ஞாயிறு மட்டும் ஆகாது. கூட்டமும் பஸ்ஸும் ஒகேனக்கல் பக்கம் போய்விடும். பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருந்தால் திருவிழாத் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் குழாய் ஸ்பீக்கரோடு எந்தப் படமும் போட்டி போட முடியாது.

அனுமதி விஷயத்தில் பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு: “குறும்படம்தானே, சென்சார் எதற்கு?” 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி, பொதுமக்களுக்குத் திரையிடுகிற படம் பத்து நிமிடமானாலும் சான்றிதழ் வேண்டும். விழாக்களுக்கு அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு கேட்கலாம். படப் பட்டியல், இயக்குநர் பெயர், நீளம், கதைச் சுருக்கம், தேர்வுக் குழு பார்த்து அளித்த பரிந்துரை எல்லாம் விண்ணப்பத்தோடு போக வேண்டும். ஆகவே தேர்வை விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே முடிப்பது நல்லது. விலக்கு, பதிவு செய்த பார்வையாளர்களுக்கான காட்சிக்குத்தான். வாசலில் பெயர் எழுதி அட்டை கொடுக்கும் மேசை சம்பிரதாயத்துக்குப் போடுவதல்ல. மண்டபத்தில் திரையிடுவதற்கு ஆட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் என்ன வேண்டுமென்று நேரில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான கோளாறுகள் கோப்புகளில்தான் ஒளிந்திருக்கும். மண்டபத்தில் டிசிபி (தியேட்டருக்கென்று தயாரிக்கும் டிஜிட்டல் படத் தொகுப்பு) ஓட்டும் சர்வர் இருக்காது. அதனால் 1080 அளவு, எச்.264 எம்பி4 வீடியோ கோப்பு, நொடிக்கு 20 மெகாபிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலி என்று அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும். இந்தக் கணக்கில் 90 நிமிடப் படம் சுமார் 13.5 ஜிபி வரும். பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தியேட்டரைக் காலைக் காட்சிக்கு வாடகைக்கு எடுப்பவர்களுக்கு டிசிபி வேண்டும். அந்த ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். விண்டோஸில் செருகினால் “ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்கும். கை தவறி ‘ஆம்’ அழுத்தினால் படம் போயிற்று. பூட்டுப் போட்ட டிசிபி என்றால் சாவிக் கோப்பு அந்தத் தியேட்டர் சர்வருக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டுமே செல்லும். காட்சி ஒரு மணி நேரம் தள்ளினாலே திறக்காமல் போகலாம். பூட்டில்லாத டிசிபி கேட்டு வாங்குவதே மேல்.

மொபைலில் எடுத்த குறும்படங்களில் ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படச் சட்டம் என்பது) ஒரே சீராக இருக்காது. முதல் நிமிடம் சரியாக ஓடி, எட்டாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போவது இதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்று மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றி, படத்தின் கடைசி நிமிடத்தைப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

ஓசூர்ப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் புழங்குவதால் அந்த மொழிப் படங்களுக்கும் ஆள் வருவார்கள். ஆங்கில சப்டைட்டில் மட்டும் போட்டால் பாதிக் கூட்டம் எழுந்துவிடும். தமிழில் போடும்போது ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தாலோ, எழுத்துக்குப் பதில் கட்டம் வந்தாலோ, கோப்பு யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்தைச் சரியாகச் சேமிக்கும் முறை) இல்லை, எழுத்துருவில் தமிழ் இல்லை அல்லது மென்பொருள் தமிழைச் சேர்த்து எழுதத் தெரியாதது என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் படத்தோடேயே பதித்துவிட்டால் கவலை இல்லை.

அடுத்தது ஒலி. பின்னணி இசை கணீரென்று வரும், வசனம் எங்கோ கிணற்றுக்குள் கேட்கும். ஆறு தனிச் சேனல் கொண்ட 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கிறது. லேப்டாப் இடது, வலது இரண்டை மட்டும் அனுப்பினால் நடு காணாமல் போகும். ஸ்டீரியோ கேட்பது இதற்காகத்தான். மண்டபத்துக்கு டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், எனவே எதிரொலி அதிகம். பின்சுவரில் ஜமுக்காளமும் பக்கங்களில் தடித்த துணியும் தொங்கவிட்டு, ஸ்பீக்கரைச் சுவரைப் பார்க்காமல் கூட்டத்தின் மேல் சாய்த்து, மிக்ஸரில் 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்தால் பேச்சு தெளியும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். மைக்செட்காரருக்கு இதைப் புரியவைப்பது தனி வேலை. அவருக்குக் கல்யாணச் சத்தம்தான் பழக்கம்.

12 அடி அகலத் திரைக்கு உயரம் 6 அடி 9 அங்குலம். 1.5 த்ரோ ரேஷியோ (திரை அகலத்துக்கு எத்தனை மடங்கு தூரம் என்பது) புரொஜெக்டர் 18 அடி தள்ளி நிற்கும், அதாவது கூட்டத்தின் நடுவே. மேசையை உயர்த்தி, அதன் முன்னால் ஆள் நடக்காதபடி வழியை மாற்ற வேண்டும். பகலில் ஓட்ட 5000 லூமென் வெளிச்சம் வேண்டும், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணியும் வேண்டும். ஆடிக் காற்றுக்குக் குண்டூசி நிற்காது. துணியின் கீழ் விளிம்பில் மரச்சட்டம் வைத்துக் கட்டுங்கள். திரையின் அடிப்பகுதி தரையிலிருந்து 5 அடியாவது இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலிகளைச் செங்கல் கட்டு மாதிரி மாற்றி மாற்றிப் போட்டால் முன்னிருப்பவர் தலை சப்டைட்டிலை மறைக்காது.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் சில நொடிகளைத் தாண்ட புரொஜெக்டர், லேப்டாப், மிக்ஸர் மூன்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். புரொஜெக்டரின் விளக்கு அணைந்தால் ஆறி மறுபடி எரியச் சில நிமிடம் ஆகும், அதற்குள் கூட்டம் டீக்கடைக்குப் போய்விடும்.

நேர அட்டவணையைப் பஸ் நிலையத்தில் நின்று போட வேண்டும். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பஸ் நேரங்களைக் குறித்துக்கொண்டு, கடைசிப் படம் ஏழு மணிக்கு முடியுமாறு பின்னோக்கி எழுதிக்கொண்டு வாருங்கள். இயக்குநரோடு கேள்வி பதிலுக்கு 20 நிமிடம் தனியாக ஒதுக்கவும். பாராட்டுரைக்கு ஒதுக்கினால் அது 45 ஆகும். குறும்படங்களை 75 நிமிடத் தொகுப்பாகக் காலையில் போட்டு, நல்ல முழுநீளப் படத்தை மூன்று மணிக்கு வையுங்கள். ஆறு மணிக்கு மேல் பின்வரிசையில் செல்போன் வெளிச்சம் எரிய ஆரம்பித்தால் அவர்கள் படத்தை வெறுக்கவில்லை, மணி பார்க்கிறார்கள்.