பரோல் அதிகாரி தேர்வு: முதல் முறை எங்கே சறுக்கினேன், இரண்டாம் முறை எதை மாற்றினேன்

தண்டனைக் காலம் முடியும் முன்பே நிபந்தனைகளோடு சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைக் கண்காணிப்பதும் அவர்களுக்கு உதவுவதும் பரோல் அதிகாரியின் வேலை. அந்த வேலைக்கு நான் இரண்டு முறை தேர்வு எழுதினேன். முதல் முறை கொள்குறி வினாக்களில் நல்ல மதிப்பெண் வந்தது. சூழ்நிலைக் கேள்வியில் போய்விட்டது. இப்போது தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எழுதிய பயிற்சி விடைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பலரும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி இதுதான். கொள்ளை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர் நிபந்தனைகளோடு வெளியே வந்திருக்கிறார். இரவு ஒன்பது மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. நான்கு மாதம் ஒழுங்காக இருந்தார். ஐந்தாம் மாதம் இரண்டு சந்திப்புகளுக்கு வரவில்லை. ஒரே வாரத்தில் மூன்று நாள் பதினொரு மணிக்கு மேல்தான் வீடு திரும்பியிருக்கிறார். ஒரு கிடங்கில் அவருக்கு வேலை கிடைத்திருப்பதாக அக்கா போனில் சொல்கிறார். நாற்பது நிமிடத்தில் மேலதிகாரிக்கு அறிக்கை எழுத வேண்டும்.

நான் விறுவிறுவென்று எழுதினேன். ‘நிபந்தனைகளை மதிக்காத மனப்போக்கு தெளிவாகத் தெரிகிறது. பழைய கூட்டாளிகளோடு மீண்டும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பரோலை ரத்து செய்யப் பரிந்துரைக்கிறேன்.’ கண்டிப்பான அதிகாரியாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். எழுதி முடித்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது.

முடிவு வந்த பிறகு, அந்த விடையை நினைவிலிருந்து அப்படியே திரும்ப எழுதி, இந்த வேலையில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஓர் எழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். ‘பா’ என்றால் பார்த்தது. ‘கே’ என்றால் கேட்டது. ‘நி’ என்றால் நானாக நினைத்தது. பதினான்கு வரிகளில் ஒன்பது ‘நி’.

“பழைய கூட்டாளிகளோட சேர்ந்துட்டார்னு எழுதியிருக்கியே, யாரும்மா உனக்குச் சொன்னது?” என்று கேட்டார். கேள்வித்தாளில் கூட்டாளி என்ற சொல்லே இல்லை. நானாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

இந்தப் பா, கே, நி தவிர வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. தேர்வும் இதில்தான் இருக்கிறது, வேலையும் இதில்தான் இருக்கிறது.

சரி, அந்தக் கேள்விக்கு எப்படி எழுதியிருக்க வேண்டும்? இரக்கம் காட்டினால் மதிப்பெண் வரும் என்று எண்ணிவிட வேண்டாம். அதுவும் ஒரு ‘நி’தான். வராத தேதிகள், தாமதமான நாட்கள், நேரங்கள் எல்லாவற்றையும் முதலில் வரிசையாக எழுத வேண்டும். அக்கா சொன்னதை அக்கா சொன்னதாகவே எழுத வேண்டும். வேலை உண்மைதானா, வேலை நேரம் என்ன, அந்த மூன்று இரவும் இவர் அங்கே இருந்தாரா என்று சரிபார்க்கப்போவதைச் சொல்ல வேண்டும். அவரை அன்றே தொடர்புகொண்டு நேரில் வரச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு ஆபத்து எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை உண்மை என்றால் நேர நிபந்தனையை மாற்றக் கோரலாம். ஆனால் மாற்றும் அதிகாரம் அதை விதித்தவர்களிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. ‘பரவாயில்லை, போய்ட்டு வாங்க’ என்று நாமாகச் சொல்லிவிடக் கூடாது. அதோடு, முன்கூட்டியே தெரிவிக்காதது மீறல்தான். அதற்கான எச்சரிக்கையும் பதிவாக வேண்டும். இத்தனையும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். நான் அப்புறம் பல முறை எழுதிப் பார்த்தேன், அடங்குகிறது.

பாடத்திட்டத்துக்கு வருவோம். வரலாற்றுப் பகுதியைப் பலர் ஒரு மதிப்பெண் கேள்விக்காக மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அந்தப் பகுதிதான் வேலையைப் புரியவைத்தது. பரோல் என்பது பிரெஞ்சுச் சொல், பொருள், வாக்கு. போர்க் கைதிகள் ‘மறுபடி ஆயுதம் எடுக்க மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே போன வழக்கத்திலிருந்து வந்தது. 1840-ல் பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவின் தண்டனைக் குடியிருப்புக்குப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் மகோனோகி, உழைப்புக்கும் நடத்தைக்கும் மதிப்பெண் போட்டு, கைதி தன் விடுதலையைத் தானே சம்பாதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1850-களில் வால்டர் கிராஃப்டன் அயர்லாந்தில் அதைப் படிப்படியான விடுதலையாக வளர்த்தார்.

இவர்கள் இருவரையும் எல்லோரும் படிப்பார்கள். நீங்கள் ஜேம்ஸ் ஆர்கனையும் படியுங்கள். டப்ளினில் விடுதலையானவர்களைக் கவனித்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர் அவர். வேலை தேடிக் கொடுத்தார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார், வேலைக்குத்தான் போகிறார்களா என்று சரிபார்த்தார். டப்ளினுக்கு வெளியே இதே கண்காணிப்பைக் காவல்துறை செய்தது. கண்காணிப்பும் உதவியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்த வேலையை ஆர்கனிடம்தான் பார்க்கிறோம். நம் வேலை இன்றைக்கும் அதேதான். ‘நீங்கள் போலீஸா, சமூகப் பணியாளரா?’ என்று நேர்காணலில் கேட்டார்கள். இரண்டாம் முறை நான் ஆர்கனைத்தான் சொன்னேன்.

பரோலையும் நன்னடத்தைக் கண்காணிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், தேர்வில் விரும்பிக் கேட்பார்கள். சிறையில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு, மீதியை வெளியே நிபந்தனையோடு கழிப்பது பரோல். சிறைக்குப் பதிலாகவே வெளியே இருப்பது நன்னடத்தைக் கண்காணிப்பு. பின்னதற்கு முன்னோடி ஜான் அகஸ்டஸ், பாஸ்டன் நகரத்துக் காலணித் தொழிலாளி. 1841-ல் குடிபோதை வழக்கில் நின்ற ஒருவரைத் தன் ஜாமீனில் கூட்டிக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து அவரை நீதிமன்றத்துக்குத் திரும்ப அழைத்து வந்தபோது, ஆள் குடியை விட்டிருந்தார். நீதிபதி விதித்த அபராதம் ஒரு சென்ட், வழக்குச் செலவு தனி. அகஸ்டஸ் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் ஜாமீனில் எடுக்கவில்லை. முந்தைய நடத்தை, வயது, வெளியே போனால் யார் நடுவில் வாழப்போகிறார் என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் எடுத்தார்.

ஒருவர் மறுபடி குற்றம் செய்ய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கணிப்பதை இடர் மதிப்பீடு என்று இன்று படிக்கிறோம். அதன் விதை அங்கே இருக்கிறது. அதன் இன்றைய வடிவத்தை 1990-ல் ஆண்ட்ரூஸ், போண்டா முதலிய கனடா நாட்டு ஆய்வாளர்கள் முறைப்படுத்தினார்கள். இடர், தேவை, ஏற்புத்தன்மை என்று மூன்று கோட்பாடுகள். சுருக்கமாக, யாரிடம் அதிக நேரம் செலவிடுவது, அவரிடம் எதை மாற்ற முயல்வது, அவருக்குப் புரிகிற விதத்தில் எப்படிச் செய்வது. இதில் ஒரு பொறி உண்டு. ‘கண்காணிப்பை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு நல்லது’ என்ற வாக்கியம் சரியா தவறா என்று வரும். தவறு. இடர் குறைந்தவரை வாரத்துக்கு மூன்று தடவை வரச்சொன்னால் அவருடைய வேலையும் குடும்பமும்தான் குலையும். காத்திருப்பு அறையில் யாரோடெல்லாம் பழக்கமாகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மறுகுற்றத்தோடு தொடர்புடைய எட்டுக் காரணிகளை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள்: பழைய குற்ற வரலாறு, குற்றத்துக்குச் சாதகமான எண்ணங்கள், அப்படிப்பட்ட நண்பர்கள், முன்பின் யோசிக்காத குணப்போக்கு, குடும்பம், படிப்பு அல்லது வேலை, போதை, ஓய்வு நேரத்தைக் கழிக்கும் விதம். வரலாற்றை யாராலும் மாற்ற முடியாது. மற்ற ஏழில்தான் நமக்கு வேலை. தன்னம்பிக்கைக் குறைவும் மனவருத்தமும் இந்தப் பட்டியலில் இல்லை. முதல் முறை நான் அவற்றைச் சேர்த்து எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். பட்டியலை ஒப்பிக்காதீர்கள். எந்தக் கேள்வி வந்தாலும் அதில் வரும் ஆளுக்கு இந்த எட்டையும் பொருத்திப் பாருங்கள், இரண்டு வாரத்தில் தானாக மனதில் உட்கார்ந்துவிடும்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இடத்துப் பரோல் விதிகளை மூலத்திலேயே படியுங்கள், வழிகாட்டிப் புத்தகச் சுருக்கத்தில் வேண்டாம். பொதுவாக இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1990-ல் ஏற்ற டோக்கியோ விதிகள். நிபந்தனை தவறியதாலேயே ஒருவர் தானாகச் சிறைக்குப் போய்விடக் கூடாது என்பது அதில் இருக்கிறது. இன்னொன்று, 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மோரிசி எதிர் ப்ரூவர் வழக்கு. பரோலை ரத்து செய்யும் முன் அவருக்கு எதிரான புகாரைத் தெரிவித்து, அவர் தரப்பையும் விசாரிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. வழக்கின் பின்னணியைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விசாரணை எதுவும் இல்லாமல், பரோல் அதிகாரி எழுதிக் கொடுத்த அறிக்கையை வைத்தே ஆளைத் திரும்பச் சிறைக்கு அனுப்பியிருந்தார்கள். என் பதினான்கு வரிகள்தான் நினைவுக்கு வந்தன.

அடுத்தது உரையாடல் தேர்வு. எதிரே ஒருவர் கண்காணிப்பில் இருப்பவராக நடிப்பார். பத்து நிமிடம் பேச வேண்டும். இதற்கு வில்லியம் மில்லர் 1983-ல் குடிநோய்ச் சிகிச்சை அனுபவத்திலிருந்து எழுதத் தொடங்கிய ஊக்கமூட்டும் நேர்காணல் முறையைப் படிக்கச் சொல்வார்கள். மாற வேண்டும் என்ற எண்ணத்தை எதிரே இருப்பவர் வாயிலிருந்தே வரவைக்கும் பேச்சு முறை அது. படிப்பது பாதிதான். நான் ஒரு தோழியை எதிரே உட்காரவைத்து, போனில் பதிவு செய்து கேட்டேன். பத்து நிமிடத்தில் பதினொரு முறை குறுக்கே பேசியிருந்தேன்! ‘ஏன் வரலை?’ என்று தொடங்கினால் சாக்குதான் வரும். ‘போன வாரம் எப்படிப் போச்சு? திங்கட்கிழமையிலிருந்து சொல்லுங்க’ என்று கேட்டால் வாரமே வரும், அதற்குள் வராததன் காரணமும் வரும். அவர் பேசாமல் இருக்கும்போது நாமும் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். எனக்கு இதுதான் கடைசிவரை கஷ்டமாக இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று காட்ட அவர் காலில் மாட்டியிருந்த மின்னணுக் கணுக்கால் பட்டையிலிருந்து தினமும் இரவில் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. மின்னேற்றம் செய்யாததும் மீறல்தான். நான்கு நாள் தொடர்ந்து வந்ததும் கோப்பில் ‘வேண்டுமென்றே’ என்று எழுதக் கை போனது. ‘நி’ என்று மனதுக்குள் மணி அடித்ததால் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. பட்டையைக் கழற்ற முடியாது என்பதால் ஏறும்வரை காலைச் சுவரோடு ஒட்டி வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். “ரெண்டு மணி நேரம் உட்கார்றேன் மேடம், பச்சை விளக்கும் எரியுது” என்று வயரைச் செருகிக் காட்டினார். விளக்கு எரிந்தது. அவர் காலை லேசாக அசைத்ததும் அணைந்தது. சுவரில் இருந்த மின்செருகியின் துளை தளர்ந்துபோயிருந்தது, முள் அதில் நிற்கவே இல்லை. பார்த்ததை எழுதினேன். ஒரு நீட்டிப்பு வயரோடு பிரச்சினை முடிந்தது.

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. திரும்பச் சிறைக்கு அனுப்பப் பரிந்துரைத்த அறிக்கைகளும் நான் எழுதியிருக்கிறேன். முன்னாள் மனைவி இருக்கும் தெருவுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனை உள்ள ஒருவர் அந்தத் தெருமுனையில் நின்றதை இரண்டு நாள் நானே பார்த்தேன். அந்த அறிக்கை ஆறு வரி. ஆறும் ‘பா’. விசாரணையில் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்ணின் பாதுகாப்பு அந்த ஆறு வரியில் இருந்தது. இந்த வேலையை இரக்கத்துக்காக மட்டும் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு இதையும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்குச் செல்லும் பாதுகாப்பு பற்றி நேர்காணலில் கட்டாயம் வரும்: போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போவது, கதவுக்குப் பக்கத்தில் இருப்பது, ஏதோ சரியில்லை என்று பட்டால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவது. விடுதலையான முதல் இரண்டு வாரம் பற்றியும் படித்துக்கொள்ளுங்கள். போதைப் பழக்கம் இருந்தவர்களுக்கு உயிராபத்து மிகுந்த நாட்கள் அவை. சிறையில் இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் சந்திப்பைத் தள்ளிப்போடாமல் ஏன் உடனே வைக்க வேண்டும் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். தினமும் ஒரு சூழ்நிலையை எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடத்தில் அறிக்கை எழுதுங்கள். பென்சிலால் ஓரத்தில் பா, கே, நி போடுங்கள். ‘நி’ வரக் கூடாது என்றில்லை, உங்கள் கருத்தையும் கேட்பார்கள். அது கடைசிப் பத்தியில், உங்கள் கருத்து என்ற பெயரோடு வரட்டும். பிறகு அந்தத் தாளை இந்த வழக்கு பற்றி எதுவும் தெரியாத வீட்டு ஆள் ஒருவரிடம் கொடுத்து, என்ன நடந்தது என்று திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கிறாரோ, அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு, அந்த வரியை மட்டும் மறுபடி எழுதுங்கள்.