டிக்டேஷன் நோட்டில் தெரியும் தமிழ்க் காது

தமிழ்வழிப் பள்ளியில் உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். டிக்டேஷன் நோட்டு திருத்தும்போது எத்தனை சொல் தப்பு என்று எண்ணுவது சீக்கிரம் முடிந்துவிடும். அந்தத் தப்பு எந்த வழியாக வந்தது என்று பார்ப்பதில்தான் நேரம் போகும். பிள்ளைகள் கைக்கு வந்ததை எழுதி வைப்பதில்லை. காதில் விழுந்ததை, தங்களுக்குத் தெரிந்த முறையில் எழுதுகிறார்கள். அந்த முறை அவர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது.

தமிழில் 'ம' என்று சொன்னாலே எழுத்தின் பெயரும் வந்துவிடும், ஒலியும் வந்துவிடும். ஆங்கிலத்தில் 'எச்' என்ற பெயருக்குள் அதன் ஒலியே இல்லை. 'டபிள்யூ'வும் அப்படித்தான். 26 எழுத்தை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளை எழுதும் மொழி அது. 'சி ஏ டி கேட்' என்று ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளைக்கு, அந்த மூன்று பெயருக்கும் 'கேட்' என்ற ஒலிக்கும் என்ன தொடர்பு என்று பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால் பிழைகளை வகை வகையாகப் பிரித்துக்கொள்கிறேன். 'பழம்', 'கம்பம்' இரண்டிலும் ஒரே 'ப'தான், ஒலி வேறு. தமிழில் இடம் பார்த்து நாமே மாற்றி ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் அது இரண்டு தனி எழுத்து. க, ட வரிசைகளிலும் இதே சிக்கல். முதுகில் மாட்டும் பேக், முதுகு என்ற பொருளில் வரும் பேக், இரண்டும் பல பிள்ளைகளின் நோட்டில் ஒரே ஸ்பெல்லிங்கில் இருக்கும். இதற்கு நான் செய்வது, தொண்டையில் விரல் வைத்துச் சொல்லச் சொல்வது. அதிர்ந்தால் ஒரு எழுத்து, அதிராவிட்டால் இன்னொன்று. சில நாள் வகுப்பே தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்!

'இஸ்டேஷன்' என்று சொல்லும் பிள்ளை முன்னால் ஒரு 'ஐ' சேர்த்துத்தான் எழுதும். 'புக்கு' என்று சொன்னால் கடைசியில் ஒரு 'யு' வந்து உட்காரும். இங்கே முதலில் வாய் திருந்த வேண்டும், அப்புறம்தான் கை.

'நேம்' என்பதை 'என் இ எம்' என்று எழுதுவது இன்னொரு வகை. எ, ஏ வேறுபாடு நம் பிள்ளைகளின் காதுக்கு நன்றாகவே தெரியும். அந்த நெடிலை ஆங்கிலத்தில் எப்படிக் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை. போர்டில் 'கிட்' என்று எழுதி, கலர் சாக்பீஸால் கடைசியில் ஒரு 'இ' போட்டால் 'கைட்' ஆகிறது. 'கட்' என்பது 'க்யூட்' ஆகிறது. உடனே ஒருத்தி எழுந்து, "அப்போ 'கிவ்' ஏன் மிஸ் 'கைவ்' ஆகலை?" என்பாள். அப்படிப்பட்ட சொற்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம்.

"நைஃப்ல கே எதுக்கு மிஸ்?" என்பதும் தவறாமல் வரும் கேள்வி. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் அந்த 'கே'யை உச்சரித்தார்கள். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ ஸ்பெல்லிங் மெல்ல நிலைத்துவிட்டது; பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. 'ஐலண்ட்' என்ற சொல்லில் உள்ள 'எஸ்' ஒருபோதும் உச்சரிக்கப்பட்டதே இல்லை. லத்தீன் சொல்லோடு உறவு இருப்பதாக நினைத்துப் படித்தவர்கள் பின்னாளில் சேர்த்தது அது. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு நிம்மதி பரவும். குழப்பம் தங்கள் மூளையில் இல்லை, அந்த மொழியின் வரலாற்றில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

இம்போசிஷனில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐம்பது தடவை எழுதச் சொன்னால் பிள்ளை என்ன செய்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மேலிருந்து கீழாக முதல் எழுத்தை மட்டும் வரிசையாகப் போடும், அப்புறம் இரண்டாம் எழுத்து. சொல் மனதுக்குள் போகவே இல்லை. நடுவில் ஓர் எழுத்து மாறினால் அந்தத் தப்பும் பக்கம் முழுக்க இறங்கும். அதற்குப் பதிலாக, பார், மூடு, எழுது, திறந்து சரிபார். ஒரு நாளைக்கு நாலைந்து சொல் போதும். சில நாள் கழித்து அதே சொற்களைத் திரும்பக் கேட்க வேண்டும். இந்தப் பகுதியைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

நீளமான சொற்களுக்குள் சின்னச் சொல் தேடும் விளையாட்டு நன்றாக உதவுகிறது. 'என்விரான்மென்ட்' நடுவில் இரும்பைக் குறிக்கும் 'அயர்ன்' முழுசாக இருக்கிறது. 'சைன்' சொல்லில் கேட்காத 'ஜி', 'சிக்னேச்சர்' என்னும்போது கேட்டுவிடுகிறது.

பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் இப்போது 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். மனப்பாடச் செய்யுள், கடிதம் எல்லாம் அதிலேயே வரும். நான் முதலில் கவனிப்பது 'பிகாஸ்', 'விச்', 'தேர்', கடிதத்தின் முடிவில் வரும் 'சின்சியர்லி', 'ஃபெய்த்ஃபுல்லி' போன்ற, அடிக்கடி எழுத வேண்டிய சொற்களைத்தான். எழுதி முடித்ததும் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் படிக்கச் சொல்கிறேன். பொருளின் ஓட்டத்தில் கண் வழுக்காமல் ஒவ்வொரு சொல்லாகத் தெரியும்.

தேர்வில் ஸ்பெல்லிங் சந்தேகமாக இருந்தால் 'பியூட்டிஃபுல்' என்பதற்குப் பதில் 'நைஸ்' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம், சரி. வகுப்பில் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அதனால்தான் கட்டுரை நோட்டில் எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் சுழிப்பதில்லை. அந்த வாரம் நாங்கள் எடுத்துக்கொண்ட வகையை மட்டும் குறிக்கிறேன். பக்கம் முழுக்கச் சிவப்பைப் பார்த்த பிள்ளை அடுத்த கட்டுரையில் தனக்கு நிச்சயமாகத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு சொற்களுக்குள் ஒடுங்கிவிடுகிறது. அதை மறுபடி வெளியே கொண்டுவருவது, ஸ்பெல்லிங் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டமான வேலை.